கல்லில் அரைத்த டிரிட்டிகேல் மாவு: தோசைக்கு அரைப்புள்ளி, ரொட்டிக்கு மூன்று

தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சனிக்கிழமை காலையில் கூடும் ஒரு உழவர் சந்தையில் இந்த மாவை வாங்கினேன். ஒரு கிலோ காகிதப் பை, 68 ரேண்ட். சூப்பர்மார்க்கெட் கோதுமை மாவோடு ஒப்பிட்டால் இது பகல் கொள்ளை. ஆனாலும் பையின் மேல் இருந்த ஒரே ஒரு சொல்லுக்காக வாங்கினேன்: டிரிட்டிகேல், கோதுமையோடு வேறொன்றைக் கலந்து உருவாக்கிய தானியம். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய உறவு.

எனக்குச் சொந்த ஊர் மூலனூர்ப் பக்கம். கணக்கு வாத்தியாரான கணவரோடு 1997இல் இந்த நாட்டுக்கு வந்தேன். அடுத்த வருடத்திலிருந்து 19 வருடம் ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு கோதுமை ஆய்வுப் பண்ணையில் ஆய்வக உதவியாளர் வேலை. 1980களின் நடு வரை அந்த மாகாணத்தில் இந்தியர்கள் குடியிருக்கவே சட்டம் விடாது. நாங்கள் போனபோது எங்கள் தெருவில் வேட்டியைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. சரி, அது வேறு கதை.

அங்கே என் வேலை துரு நோயை வளர்ப்பது. ஊரில் இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "சம்பளம் குடுத்து நோய் வளக்கச் சொல்றாங்களா?" என்றார். சொன்னார்கள், எந்த ரகம் நோயைத் தாங்கும் என்று பார்க்க. கோதுமை நாற்றில் முதல் இலை விரிந்ததும், துருப் பூஞ்சையின் வித்துகளை மெல்லிய எண்ணெயில் கலந்து தெளிப்போம். ஒரு ராத்திரி முழுக்கப் பனிப் பெட்டிக்குள் ஈரத்தில் வைப்போம். ஒரு வாரத்தில் இலையில் வெளிர் புள்ளிகள் தெரியும். 14ஆம் நாள் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து இலை இலையாக மதிப்பெண் போடுவேன். அந்த மதிப்பெண் 0 முதல் 4 வரை போகும். 0 என்றால் இலையில் ஒன்றுமே இல்லை. 0வுக்கும் 1க்கும் நடுவில் அரைப்புள்ளி (;) என்று ஒரு குறி உண்டு: நோய் உள்ளே நுழையப் பார்த்த இடத்தில் செடி தன் செல்களைத் தானே சாகடித்து வாசலை அடைத்துக்கொண்டது என்று பொருள். இலையில் ஊசி முனை அளவு தடம் மட்டும் இருக்கும். 1, 2 என்றால் துரு வந்திருக்கிறது, வளரவில்லை. 3, 4 என்றால் செடி தோற்றது.

இந்த விமர்சனத்திலும் அதே கணக்குதான். நட்சத்திரம் எல்லாம் எனக்கு வராது. எண் குறையக் குறைய நல்லது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ரொட்டி. இந்த ஊரில் சப்பாத்தியை ரொட்டி என்பார்கள், பிரெட் பிரெட்தான். டர்பன் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மாவில் கொதிக்கிற தண்ணீரும் வெண்ணெயும் விட்டு, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைவது. இந்த மாவைக் கோதுமை மாவு போல நினைத்து அதே அளவு தண்ணீர் விட்டேன். மாவு தண்ணீரைக் குடித்தது. இன்னும் கொஞ்சம் விட்டேன். அப்புறம் கையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. பக்கத்து வீட்டு ஆயா, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தவர், எண்பதைத் தாண்டியவர், எங்கள் தெருவின் ரொட்டி நீதிபதி. அவர் ஒரு உருண்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னா மாவு இது, கையவே உடமாட்டேங்குது" என்றார். தேய்த்தால் ஓரம் கிழிகிறது. கல்லில் போட்டால் உப்பவில்லை. காலையில் சுட்டது மதியத்துக்குள் அப்பளம். மதிப்பெண் 3. பாதிக்குப் பாதி கேக் மாவு, நம் மைதா மாதிரி, கலந்து மறுபடி செய்தபோது நன்றாகவே வந்தது, அதற்கு 2. கேக் மாவில்லாமல் ரொட்டிக்கு இதை வாங்காதீர்கள்.

பிரெட்டில் இன்னும் பெரிய அவமானம். மருமகன் பன்னி சௌ கேட்டான். கால் பிரெட்டைக் குடைந்து அதற்குள் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றுகிற அந்த டர்பன் சாப்பாட்டை வீட்டிலேயே, இந்த மாவிலேயே செய்துவிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. முழுக்க டிரிட்டிகேல் மாவில் சுட்ட பிரெட் செங்கல் உயரம்தான் எழும்பியது. குடைந்தால் உள்ளே பிசுபிசுவென்று களிம்பு மாதிரி. குழம்பு ஊற்றி இரண்டு நிமிடத்தில் அடிப்பக்கம் இளகி, தட்டில் குளம். மருமகன் நல்ல பிள்ளை, கரண்டி எடுத்துக்கொண்டான். மதிப்பெண் 4, யோசனையே இல்லாமல்.

ஏன் இப்படி என்று சொல்ல, இந்த மாவு யாருடைய பிள்ளை என்று சொல்ல வேண்டும். டிரிட்டிகேல் என்பது கோதுமைக்கும் ரை என்ற தானியத்துக்கும் பிறந்தது. ட்ரிட்டிகம், செகாலே என்ற இரண்டு லத்தீன் பெயர்களை வெட்டி ஒட்டிய பெயர். கோதுமை மாவை இழுத்தால் ரப்பர் போல நீள்வது அதன் புரதத்தால். ரையில் அந்த வலு குறைவு. அதோடு ரையில் இருக்கும் ஒருவகை நார் தண்ணீரை ஏராளமாக உறிஞ்சிப் பிசின் மாதிரி ஆகிவிடும். மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியும் டிரிட்டிகேலில் அதிகம், அதனால்தான் பிரெட்டின் உள்பக்கம் வேகாதது போல நிற்கிறது. அப்பன் வீட்டு உயரமும் அம்மா வீட்டு முடியும் வாங்கிக்கொண்டு வந்த பிள்ளையிடம் அப்பன் வீட்டுக் குரலையும் கேட்டால் எப்படி?

இதில் ஒரு வேடிக்கை. டிரிட்டிகேலையே கண்ணால் பார்க்காதவர்களும் ரையின் ஒட்டலை எங்கோ ஒரு ரொட்டியில் தொட்டிருப்பார்கள். ரையின் ஒரு குரோமோசோமில் ஒரு கை மட்டும் கோதுமைக்குள் மாற்றி ஒட்டப்பட்டது. தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய் ஆகிய நான்கையும் எதிர்க்கும் மரபணுக்கள் அந்த ஒற்றைக் கையில் இருந்தன. அதனால் உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கோதுமை ரகங்களில் அந்தக் கை போய்ச் சேர்ந்தது. கூடவே ரையின் புரதமும் வந்து, மாவு பிசையும்போது ஒட்டுகிறது என்று பேக்கரிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். உழவனுக்கு வரம், பிசைகிறவனுக்குத் தொல்லை. அந்தக் கையில் தண்டுத் துருவைத் தடுத்த மரபணுவுக்கு எஸ்ஆர் 31 என்று பெயர். 1998இல் உகாண்டாவில் அதைத் தாண்டிய துரு ஒன்று கிடைத்தது. அதைத்தான் யுஜி 99 என்றார்கள். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு துரு 2000இல் தென்னாப்பிரிக்காவிலும் தென்பட்டது. எங்கள் பண்ணையில் அந்தப் பெயரைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். செடி வளர்க்கும் கூடத்திலிருந்து வெளியே வரும்போது உடை மாற்றி, கை முகம் கழுவிவிட்டுத்தான் வருவோம், வித்து உடையோடு ஊர் போய்விடும் என்பதால்.

சரி, தோசைக்கு வருவோம். இந்த மாவு பிறந்ததே இதற்குத்தான் போல. மூன்று பங்கு மாவு, ஒரு பங்கு அரிசி மாவு, மோருக்குப் பதில் இங்கே கடையில் கிடைக்கும் அமாசி என்ற புளித்த பால், இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம். கரைத்து அரை மணி நேரம் விட்டேன். ரவா தோசை போல வீசி ஊற்றினால் ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் மெத்தென்று, வறுத்த கடலை போல ஒரு மணத்தோடு வந்தது. வெறும் கோதுமை மாவில் கரைத்த தோசை கல்லைவிட்டு எழும்போது நூலாக இழுக்குமே, அது இதில் இல்லை. ஆயா மூன்று சாப்பிட்டார், நான்காவதை மடித்து எடுத்துக்கொண்டும் போனார். மதிப்பெண் அரைப்புள்ளி. எங்கள் ஆய்வகத்தில் இதைவிடப் பெரிய பாராட்டு அரிது.

களியும் நன்றாக வந்தது. ரொட்டியில் குற்றமாக இருந்த பிசுபிசுப்பு களியில் குணமாகிவிட்டது. கட்டி தட்டாமல் கிளறிக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டோம். 1 கொடுக்கிறேன். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற இதைக் கலக்கலாமா என்று ஆயாவிடம் கேட்டேன். அம்மனுக்குச் சோதனை எல்லாம் வைக்காதே என்று சொல்லிவிட்டார்.

இனி பையின் மேல் அச்சடித்திருப்பதைப் பற்றி. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

"பழங்காலத் தானியம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பழங்காலமா? எங்கள் தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்ட வயதில் இந்தத் தானியம் பிறக்கவே இல்லை. 1875இல் ஸ்காட்லாந்தில் வில்சன் என்பவர் கோதுமைப் பூவில் ரையின் மகரந்தத்தைத் தூவி முதல் கலப்புச் செடிகளை வளர்த்தார். அவை மலடு. 1888இல் ஜெர்மனியில் ரிம்பாவ் என்பவருக்குத்தான் விதை பிடிக்கும் செடி கிடைத்தது, அதுவும் செடி தானாக மனது வைத்ததால். உழவர்களுக்கு விற்கும் ரகமாகக் கனடாவில் ரோஸ்னர் வந்தது 1969இல். அதாவது இந்தப் "பழங்காலத் தானியம்" என் அக்காவைவிட இளையது.

மலடாக இருந்தது ஏன் என்பதில்தான் எங்கள் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. மக்ரோனி செய்யும் டூரம் கோதுமைக்கு 28 குரோமோசோம், ரைக்கு 14. பிள்ளைக்கு இரண்டிலும் பாதிப் பாதியாக 14உம் 7உம் வரும், மொத்தம் 21. எதற்கும் ஜோடி கிடையாது. ஜோடி இல்லாமல் மகரந்தம் ஒழுங்காக உருவாகாது, கோவேறு கழுதை மாதிரி. 1937 வாக்கில் இதற்கு ஒரு மருந்து கிடைத்தது, கோல்சிசின். செல் இரண்டாகப் பிரியும் நேரத்தில் இது குறுக்கே புகுந்து, குரோமோசோம் இரட்டித்த பிறகு செல்லைப் பிரியவிடாமல் செய்துவிடும். 21 என்பது 42 ஆகிவிடும், எல்லாவற்றுக்கும் ஜோடி கிடைத்துவிடும், செடி விதை பிடிக்கும். அந்தக் கோல்சிசின் இருப்பது எதில் தெரியுமா? எங்கள் மூலனூரில் பந்தல் போட்டு வளர்க்கும் கண்வலிக் கிழங்கில். செங்காந்தள் என்றால் எல்லோருக்கும் தெரியும், தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஐரோப்பாவில் அவர்கள் வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள், ஆனால் எங்கள் கிழங்கிலும் விதையிலும் இருப்பது அதே சரக்குதான். என் தம்பி இன்றும் அரை ஏக்கரில் வைத்திருக்கிறான், விதை மருந்துக் கம்பெனிக்குப் போகிறது. இந்த க்வாசூலு நேட்டாலின் கடற்கரை மணல்மேடுகளிலும் அதே பூ தானாகப் பூத்துக் கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது காரை நிறுத்தி இறங்கி நின்றேன், பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்த பிறகுதான் நகர்ந்தேன். பையில் போட்டிருக்கும் கதிரின் படத்துக்குப் பதில் ஒரு செங்காந்தள் பூவைப் போட்டிருந்தால் பொய்யும் இருந்திருக்காது, அழகாகவும் இருந்திருக்கும்.

இரண்டாவது வாசகம், "குளூட்டன் குறைவு, வயிற்றுக்கு இதம்". இதை அச்சடித்தவர் மேல் எனக்குத் தீராத மனக்குறை. கோதுமையின் குளூட்டனும் இதில் உண்டு, ரையின் புரதமும் உண்டு. சீலியாக் நோய் உள்ளவருக்கு இரண்டுமே ஆகாது. என் தோழியின் பேரனுக்கு அந்த நோய். "குறைவு என்று போட்டிருக்கிறதே, கொஞ்சமாகக் கொடுக்கலாமா?" என்று கேட்டாள். கூடவே கூடாது என்றேன். இதற்கு மதிப்பெண் 4 போட்டு அடிக்கோடும் போடுகிறேன்.

மூன்றாவது, "இயற்கையிலேயே நோய் அண்டாதது, மருந்து தேவையில்லை". இது பாதி உண்மை. பாதி உண்மையைப் பற்றித்தான் எனக்கு நிறையப் பேச வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரையை ஏன் தேடிப் போனார்கள்? கோதுமைக்குத் துரு வரும்போது அதன் சொந்த ரகங்களுக்குள் தடுப்பு தீர்ந்துவிடும். ஒரு மரபணுவை வைத்துப் பூட்டினால் சில வருடத்தில் பூஞ்சை சாவி செய்துகொண்டு வந்துவிடும். அதனால் சொந்தக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள்: ரை, காட்டுப் புற்கள், கடற்கரைப் புற்கள். 1956இல் அமெரிக்காவில் சியர்ஸ் என்பவர் ஏஜிலாப்ஸ் என்ற காட்டுப் புல்லின் இலைத் துருத் தடுப்பை, எக்ஸ்ரே கதிர் பாய்ச்சிக் குரோமோசோமை உடைத்துக் கோதுமைக்குள் ஒட்டவைத்தார். இந்த நாட்டில் ஸ்டெல்லன்போஷில் அதே ஏஜிலாப்ஸ் குடும்பத்துப் புற்கள் பலவற்றிலிருந்து துருத் தடுப்புகளை எடுத்துக் கோதுமையில் சேர்த்திருக்கிறார்கள். கேப் கடற்கரை மணலில் உப்புக் காற்றில் வளரும் ஒரு புல்லைக்கூடக் கோதுமையோடு சேர்த்துப் பார்த்தார்கள். சொன்னால் எளிது. பூவின் மகரந்தப் பைகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காகித உறை போட்டு மூடி, இரண்டு மூன்று நாள் கழித்து அடுத்த வீட்டு மகரந்தத்தைத் தூவ வேண்டும். கரு உருவானாலும் விதைக்குள் அதற்குச் சோறு இருக்காது, அதனால் இரண்டு மூன்று வாரத்தில் கருவை அறுத்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டி வளர்ப்பார்கள். நூறு பூ தொட்டால் ஒன்றிரண்டு தேறும் நாட்களைப் பார்த்திருக்கிறேன். தேறியதும் வேண்டாத சொத்தும் கூடவே வரும். தைனோபைரம் என்ற புல்லிலிருந்து வந்த ஒரு நல்ல இலைத் துருத் தடுப்போடு மாவை மஞ்சளாக்கும் மரபணு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது, வெள்ளை பிரெட் விற்கிறவர்கள் அதை வேண்டாம் என்றார்கள். நம்மவரிடம் கேட்டிருந்தால் மஞ்சள் பொடி மிச்சம் என்றிருப்பார்கள்.

இப்படி ஒரு கை, ஒரு துண்டு என்று எடுக்காமல் ரையை முழுசாகவே வீட்டுக்குக் கூட்டிவந்தால் அதுதான் டிரிட்டிகேல். ரையின் தடுப்பு அத்தனையும் வரும் என்று கணக்குப் போட்டார்கள். பல வருடம் அந்தக் கணக்கு சரியாகவும் இருந்தது. எங்கள் கூடத்தில் டிரிட்டிகேல் தட்டுகளுக்குப் பெரும்பாலும் 0, அரைப்புள்ளி, 1 என்றே எழுதிக்கொண்டு போவேன், அலுப்பாக இருக்கும். ஆனால் 1980களில் ஆஸ்திரேலியாவில் டிரிட்டிகேலின் முக்கியத் தடுப்பு ஒன்றைத் தண்டுத் துரு உடைத்துவிட்டது. அப்புறம் சாம்பல் நோய். கோதுமையின் சாம்பல் பூஞ்சை ரையைத் தொடாது, ரையின் பூஞ்சை கோதுமையைத் தொடாது, டிரிட்டிகேலோ இரண்டுக்கும் சிக்காமல் இருந்தது. 2001 வாக்கில் ஐரோப்பாவில் டிரிட்டிகேல் வயல்கள் வெளுக்கத் தொடங்கின. 2016இல் சூரிக் ஆய்வாளர்கள் அந்தப் பூஞ்சையின் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். கோதுமைப் பூஞ்சையும் ரைப் பூஞ்சையும் கலந்து பிறந்த புதுப் பூஞ்சை அது. நாம் இரண்டு பயிருக்குக் கல்யாணம் செய்துவைத்தோம், பூஞ்சைகள் தாங்களே செய்துகொண்டன. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை, பயத்தினால் என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் மரியாதையினால்.

எர்காட் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பு போட்டவர்களுக்குத் தேன் ஒழுகல் நோய் தெரியும், கதிரில் பால் வழிந்து பிறகு தானியம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கொம்பு முளைக்கும், தின்றால் நஞ்சு. ரைக்கும் அது பழைய எதிரி, டிரிட்டிகேலும் தப்பாது. "நோய் அண்டாதது" என்று அச்சடிப்பவர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். இந்த வாசகத்துக்கு மதிப்பெண் 2, மனம் இரங்கி.

நான்காவது வாசகம் "கல்லில் அரைத்தது". அது உண்மை. விரலில் தேய்த்தால் தவிடும் நொய்யும் தெரிகிறது, மணமும் உயிரோடு இருக்கிறது. தவிட்டின் எண்ணெய் உள்ளேயே இருப்பதால் சீக்கிரம் காறிவிடும். வெயில் காலத்தில் அலமாரியில் வைத்த பாதி மூன்றாம் வாரம் கசந்தது, ஃப்ரீசரில் வைத்த பாதி அப்படியே இருந்தது. பையில் அரைத்த தேதி போடவில்லை, போட வேண்டும்.

போன சனிக்கிழமை மறுபடி போனேன். விற்கிற பையன் ஆஃப்ரிகான்ஸ் பேசும் உழவர் வீட்டுப் பிள்ளை, முப்பது வயதுக்குள் இருக்கும். "ஆன்ட்டி, திரும்ப வந்துவிட்டீர்களே, ரொட்டி எப்படி?" என்றான். ரொட்டியைப் பற்றிச் சொன்னேன், சிரித்தான். பழங்காலத் தானியம் பற்றிச் சொன்னேன், சிரிப்பு நின்றது. டிரிட்டிகேலை அவர்கள் முதலில் மாட்டுத் தீவனத்துக்காகத்தான் விதைத்தார்களாம், இந்த நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான். பையை வடிவமைத்தவர் எழுதிக் கொடுத்தாராம், அச்சடித்த பை இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறதாம். எர்காட் பற்றிக் கேட்டேன். அதற்கு மட்டும் தயங்காமல் பதில் வந்தது: அரைக்கும் முன் சலித்து, கறுப்புக் கொம்பைக் கையால் பொறுக்குகிறார்கள், அவன் அம்மாதான் பொறுக்குகிறாராம். அந்தப் பதிலுக்காக இன்னொரு பை வாங்கினேன். குளூட்டன் வாசகத்தின் மேல் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் அடிக்கச் சொன்னேன். தலையாட்டினான். ஒட்டுகிறானா என்று அடுத்த மாதம் போய்ப் பார்க்க வேண்டும், தோசை மாவும் அதற்குள் தீர்ந்துவிடும்.